இரவு 11 மணிக்குள் ஒரு விலை!

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களின் கடைசி சில விநாடிகளில் மூச்சுவிடாமல் ஓடுமே ஓர் எச்சரிக்கை வாசகம், அந்தத் தொழிலைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு பின்கட்டு இருக்கிறது. காலையில் ஒரு ரூபாய் உள்ளே போனால் ராத்திரி 11 மணிக்குள் அதற்கு ஒரு விலை சொல்லியாக வேண்டும் என்று பரபரக்கிற பின்கட்டு! அங்கே நடப்பதைத் துருவத் துருவ எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. நீங்களும் வாருங்கள், எட்டிப் பார்க்கலாம்.

நாம் நுழையப்போவது பெரிய வீடு. எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட். நாடாளுமன்றச் சட்டத்தால் 1963-இல் பிறந்த யூனிட் டிரஸ்ட்தான் இருபது வருஷத்துக்கும் மேல் இந்தத் துறையில் தனிக்காட்டு ராஜா. 1987-இல் பொதுத்துறை வங்கிகளுக்குக் கதவு திறந்தபோது முதலில் உள்ளே வந்தது ஸ்டேட் வங்கி. 'மேக்னம்' என்ற பெயரில் அது கொண்டுவந்த திட்டங்களை அப்பா தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருக்கும். இன்று மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் தலைமையகம். பிரான்ஸின் அமுண்டி நிறுவனம் பங்குதாரர். அளவைக் கேளுங்கள்: 2014 மே மாதத்தில் இந்தியாவின் எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளும் சேர்ந்து நிர்வகித்த பணம் முதன்முறையாக 10 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. பத்தே வருஷம். 2024-இல் இந்த ஒரு நிறுவனமே தனியாக அந்த அளவைத் தாண்டிவிட்டது!

இத்தனை பெரிய வீட்டுக்குள் நுழைய நாம் வாங்கப்போகும் டிக்கெட் 250 ரூபாய். ஆமாம், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் 'ஜன்நிவேஷ்' என்று ஒரு எஸ்.ஐ.பி. (தவணை முதலீட்டு) வசதியை இந்த நிறுவனம் ஆரம்பித்தது. குறைந்தபட்சத் தவணை 250 ரூபாய். தினமும் போடலாம், வாரம் ஒருமுறை போடலாம், மாதம் ஒருமுறையும் போடலாம். பணம் போய்ச் சேருவது எஸ்.பி.ஐ. பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்ட். பங்கும் கடன் பத்திரமும் கலந்த திட்டம்; 2021 ஆகஸ்டில் அறிமுகமானபோதே 14,000 கோடிக்கு மேல் திரட்டியது. ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இதில் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 250 ரூபாயின் பின்னாலேயே போவோம்.

முதல் ஆச்சரியம் அது புறப்படும் இடத்திலேயே காத்திருக்கிறது. அக்கா தன் போனில் ஏதோ ஒரு செயலியில்தான் பதிந்திருப்பார். ஆனால் அந்தச் செயலி அவருடைய பணத்தைத் தொடுவதே இல்லை. முகவரோ செயலியோ பலருடைய பணத்தைத் தன் கணக்கில் குவித்து வைத்துப் பிறகு அனுப்புகிற வழக்கத்தை 2022 ஜூலையிலிருந்து சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அடியோடு நிறுத்திவிட்டது. தவணைத் தேதிக்கு முதல்நாளே 'நாளை இவ்வளவு எடுக்கப்போகிறோம்' என்று அறிவிப்பு வந்துவிடும். மறுநாள் அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பும் பணம், இடையில் எந்த முகவர் கையிலும் நிற்காமல், அந்தத் திட்டத்தின் கணக்கைப் போய்ச் சேருகிறது. நிறுவனத்தின் கணக்கு அல்ல, திட்டத்தின் கணக்கு! ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனிப் பேரேடு. பக்கத்துத் திட்டத்தில் பணத் தட்டுப்பாடு வந்தால் இங்கிருந்து கைமாற்று வாங்கவெல்லாம் முடியாது.

வழியில் முத்திரைத் தீர்வை என்று கடுகளவு கழிவு ஒன்று உண்டு. 2020 ஜூலையிலிருந்து, 0.005 சதவீதம். ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு 999.95-க்குத்தான் யூனிட் (திட்டத்தில் அவருக்குரிய அலகு) கிடைக்கிறது என்று கணக்கு அறிக்கையில் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விடை இதுதான், அந்த ஐந்து பைசா அரசாங்கத்துக்கு. அக்காவின் 250-இல் ஒரு பைசாவும் சொச்சமும் போகும்.

அடுத்தது கடிகாரம். பிற்பகல் 3 மணி. அதற்குள் பணம் திட்டத்தின் கணக்கில் விழுந்திருந்தால் அன்றைய விலை. விழாவிட்டால் அடுத்த வேலை நாளின் விலை. பணத்தை ஒதுக்கிவைக்கும் லிக்விட் ஃபண்டுகளுக்கு இன்னும் முன்னால், 1.30-க்கே கெடு. காகிதத்தில் விண்ணப்பம் கொடுக்கிறவர்களுக்காக அலுவலகங்களில் சீல் வைத்த நேரமுத்திரை இயந்திரங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் வரிசை எண்ணும் மணியும் நிமிஷமும் குத்தி வெளியே தள்ளும். 'தெரிஞ்சவர்தான் சார், ஒரு பத்து நிமிஷம் முன்னாடி போட்டுக்கொடுங்க' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இந்த 3 மணிக்கு ஏன் இத்தனை காவல்? கவனித்தீர்களா, 3 மணிக்குப் பணம் போடுகிற யாருக்கும் தாங்கள் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று தெரியாது. ஏனென்றால் அந்த விலை இன்னும் பிறக்கவில்லை! சந்தை மூடி, ராத்திரி கணக்குப் போட்டுத்தான் அது வரும். விலை தெரிந்த பிறகு வாங்க யாரையாவது அனுமதித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. 2003 செப்டம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், கேனரி கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் மீது வழக்கு கொண்டுவந்தார். சந்தை மூடும் மாலை 4 மணிக்குப் பிறகு வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, 4 மணி விலைக்கே மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களுக்குக் கிடைத்த லாபம், அதே ஃபண்டில் பணம் போட்டிருந்த சாதாரண மக்களின் பங்கிலிருந்து போனது. நம் 3 மணி முத்திரை காப்பாற்றுவது அந்த மக்களைத்தான், நம் அக்காவைத்தான்.

பணம் மும்பைக்குப் போய்விட்டது. ஆனால் 'இந்தப் பணம் இன்னாருடையது' என்ற பதிவு எங்கே நடக்கிறது? இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நேரமாக நாக்கு துறுதுறுத்தது. சென்னையில்! எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்டின் பதிவாளர், 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கேம்ஸ் நிறுவனம். அண்ணா சாலை வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் ராயலா டவர்ஸைப் பார்த்திருப்பார்கள். கேம்ஸின் விலாசங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்ட் சொத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் முதலீட்டாளர் பதிவேடு இந்த ஒரு நிறுவனத்தின் கையில். யார், எத்தனை யூனிட், எந்தத் தேதியில், நாமினி யார், வங்கிக் கணக்கு எது எல்லாம் அந்தப் பதிவேட்டில். 'ஃபோலியோ எண்' என்று உங்கள் அறிக்கையின் தலையில் இருக்கிறதே, அது அந்தப் பேரேட்டில் உங்களுக்கென்று ஒதுக்கிய பக்கம்.

மியூச்சுவல் ஃபண்ட் என்றாலே மும்பை சமாசாரம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டும் சென்னைக்காரர்தான்: 1993-இல் பதிவான கோத்தாரி பயனியர். பின்னாளில் அது ஃபிராங்க்ளின் டெம்பிள்டனோடு சேர்ந்துவிட்டது. சுந்தரம் மியூச்சுவலின் தலைமையகமும் சென்னையிலேயே இருக்கிறது.

பதிவேட்டுக்காரர்களுக்கு எண்களைவிடப் பெரிய சவால் பெயர்கள். அதுவும் நம்மூர்ப் பெயர்கள்! அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். அந்த ஓர் எழுத்து பான் அட்டையில் முழுப்பெயராக விரிகிறது, ஆதாரில் பின்னால் போய் உட்காருகிறது, வங்கிப் பாஸ்புக்கில் புள்ளி இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுக்கு எழுத்தே மாறுகிறது. மூன்று ஆவணங்கள், மூன்று விதமான பெயர்கள், ஆள் ஒருவர்! அவர் ஒருவர்தான் என்று உறுதி செய்யாமல் ஒரு பைசாவையும் நகர்த்தக் கூடாது. பணத்தைத் தவறான ஆளிடம் கொடுத்துவிடாமல் இருப்பதற்கான வேலை இது. நமக்கு எரிச்சலாக இருக்கும் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் இதற்காகத்தான். அந்தப் படிவத்தின் மேல் எனக்கு இப்போது மரியாதையே வந்துவிட்டது.

இப்போது மும்பைக்குப் போவோம். ஆனால் வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த வீட்டில் குவிந்திருக்கும் பணம் வீட்டுக்காரருடையது அல்ல. அது ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. டிரஸ்டிகள் என்று தனியே ஒரு குழு அதற்குக் காவல். 1996-இல் செபி வகுத்த விதிகள் அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஃபண்டைத் தொடங்கிய ஸ்பான்சர் நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்கவேண்டும் என்றன. வாங்கிய பங்குகளையும் பத்திரங்களையும் வைத்திருப்பது 'கஸ்டோடியன்' என்னும் வேறொரு நிறுவனம். யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைப்பது சென்னையில் இருக்கும் பதிவாளர். ஃபண்ட் நிறுவனத்தின் வேலை முடிவெடுப்பது மட்டும். முடிவெடுக்கிறவர் கையில் பெட்டகச் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவருக்கு முடிவெடுக்க உரிமை இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கு இரண்டுமே இல்லை. இந்த ஏற்பாட்டை முதன்முறை புரிந்துகொண்டபோது எழுந்து நின்று கைதட்டலாமா என்று தோன்றியது எனக்கு!

உள்ளே ஆய்வாளர்கள். ஒருவருக்கு சிமென்ட், ஒருவருக்கு வங்கிகள், ஒருவருக்கு மருந்து. நிறுவனங்கள் காலாண்டு முடிவு வெளியிடும் வாரங்களில் ஒரே நாளில் பல மாநாட்டு அழைப்புகளில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைத் தோண்டுகிறார்கள், டீலர்களிடம் சரக்கு நகர்கிறதா என்று விசாரிக்கிறார்கள். இவர்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் ஃபண்ட் மேனேஜர் முடிவெடுக்கிறார். எடுத்தால் மட்டும் போதாது, ஏன் எடுத்தார் என்று எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும். ஐந்து வருஷம் கழித்து யாராவது 'இந்தப் பங்கை அன்றைக்கு ஏன் வாங்கினாய்' என்று கேட்டால் பதில் கோப்பில் இருக்கவேண்டும்.

முடிவெடுத்தவர் போனை எடுத்து 'வாங்கு' என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஆர்டர் கணினிக்குள் போகிறது. அங்கே ஒரு சோதனைச்சாவடி. ஒரே கம்பெனியின் பங்கில் திட்டத்தின் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஒரு கம்பெனியின் ஓட்டுரிமையுள்ள பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படி அடுக்கடுக்காக வரம்புகள். ஏதாவது ஒன்று இடித்தாலும் ஆர்டர் நின்றுவிடும். தாண்டினால்தான் டீலிங் ரூமுக்குப் போகும்.

டீலிங் ரூம்! இந்தப் பின்கட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அங்கிருக்கும் தொலைபேசிகளில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. காரணம் எளிது. பல நூறு கோடிக்கு ஒரு பங்கை ஒரு ஃபண்ட் வாங்கப்போகிறது என்ற செய்தி ஐந்து நிமிஷம் முன்னால் வெளியே கசிந்தாலும் யாராவது முந்திக்கொண்டு வாங்கி, விலையை ஏற்றி, இவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். அதனால்தான் அங்கிருக்கும் டீலர்கள் பெரிய ஆர்டரைப் பொடிப்பொடியாக உடைத்து, நாள் முழுக்கச் சந்தையில் கலந்துவிடுகிறார்கள். காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்று வாங்கிய பிறகு? பல திட்டங்களுக்காகச் சேர்த்து வாங்கியிருந்தால் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான். மலிவாகக் கிடைத்ததைத் தனக்குப் பிடித்த திட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை அடுத்த திட்டத்தில் தள்ளும் வேலை நடக்காது.

இதையெல்லாம் செய்கிறவர்களின் சொந்தப் பணமும் உள்ளேதான். 2021 அக்டோபரிலிருந்து, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் ஊதியத்தில் ஒரு பங்கை அவர்கள் நிர்வகிக்கும் திட்டங்களின் யூனிட்டாகவே கொடுக்கும் விதி வந்தது. நினைத்தபோது விற்கவும் முடியாது, பூட்டிவைத்திருப்பார்கள். நல்ல விதி. அக்காவும் மேனேஜரும் ஒரே படகில்.

சரி, அக்காவின் 250 ரூபாய் இன்றைக்கே பங்காக மாறிவிட்டதா? மேனேஜர் இன்னும் வாங்கவில்லை என்றால்? அந்த ஒரு ராத்திரிக்கும் பணம் சும்மா கிடப்பதில்லை. 'ட்ரெப்ஸ்' என்று ஒரு சந்தை இருக்கிறது. அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு வங்கிகளுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் ஓர் இரவுக்குக் கடன் கொடுப்பது; நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நின்று இரு தரப்புக்கும் பொறுப்பேற்கிறது. ஈரோட்டுத் தையல் கடைப் பணம் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு வங்கிக்குக் கடன் கொடுத்துவிட்டு, காலையில் வட்டியோடு வீடு திரும்புகிறது!

மாலை மூன்றரை. சந்தை மூடுகிறது. வெளியே எல்லோருக்கும் நாள் முடிந்தது. கணக்குப் பிரிவுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது.

பங்குச் சந்தைகள் அன்றைய முடிவு விலைகளைக் கோப்பாக வெளியிடும். அதை இறக்கி, திட்டத்திடம் இருக்கும் ஒவ்வொரு பங்கோடும் பெருக்குகிறார்கள். இது சுலபம். கடன் பத்திரங்களில்தான் விஷயம் இருக்கிறது. பங்குபோல அவை தினமும் கைமாறுவதில்லை. ஒரு பத்திரம் இன்றைக்கு ஒருமுறைகூட விற்கப்படவில்லை என்றால் அதன் விலை என்ன? இதற்கென்றே கிரிசில், இக்ரா என்ற இரண்டு அமைப்புகள் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியாக விலை கணித்து அனுப்புகின்றன. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அதுதான் விலை. தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளும் சுதந்திரம் ஃபண்ட் நிறுவனத்துக்கு இல்லை.

அதோடு வட்டி. கடன் பத்திரத்தின் வட்டி வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் கைக்கு வரும். ஆனால் கணக்கில் அது தினமும் ஒரு துளி சேருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் சேருகிறது, தீபாவளியன்றும் சேருகிறது. லிக்விட் ஃபண்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு விலை உண்டு, தெரியுமா! கம்பெனிகள் அறிவிக்கும் டிவிடெண்டும் அப்படியே. பணம் பிறகு வந்தாலும் அந்தப் பங்கு டிவிடெண்ட் இல்லாமல் வர்த்தகமாகத் தொடங்கும் நாளிலேயே அது கணக்கில் ஏறிவிடும். இல்லாவிட்டால் அன்று யூனிட்டை விற்று வெளியேறுகிறவர் ஏமாந்துபோவார்.

கழித்தலும் உண்டு. நிர்வாகச் செலவை வருஷக் கடைசியில் மொத்தமாகப் பிடிப்பதில்லை, அதுவும் தினசரிதான். ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்தால் 100 ரூபாய்க்கு ஒரு நாளைக்குக் கால் பைசாவுக்குச் சற்று மேல். இடையில் வெளியேறுகிறவர் தான் இருந்த நாட்களுக்கு மட்டும் செலவைச் சுமக்கிறார். முகவர் வழியாகப் போகும் 'ரெகுலர்' திட்டத்தில் இந்தக் கழிவு கூடுதல், 2013 ஜனவரியில் வந்த 'டைரக்ட்' திட்டத்தில் குறைவு. அதனால் இரண்டுக்கும் வேறு வேறு விலை.

எல்லாம் கூட்டிக் கழித்து, யூனிட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் என்.ஏ.வி., ஒரு யூனிட்டின் அன்றைய விலை. ஆனால் ஒருவர் போட்ட கணக்கு அப்படியே வெளியே போய்விடாது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சந்தை ஒரு சதவீதம் ஏறியிருக்கும்போது திட்டம் மட்டும் மூன்று சதவீதம் ஏறியதாகக் காட்டினால் ஏன் என்று காரணம் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டார்கள். ஏதாவது ஒரு கம்பெனி போனஸ் பங்கு கொடுத்ததை யாராவது தவறவிட்டார்களா? ஒரு பூஜ்யம் தப்பிப் போனதா? இத்தனை கோடிப் பேரின் பணம், ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் போதுமே! கடிகாரம் 9, 10 என்று ஓட ஓட, ஒவ்வொரு திட்டமாகத் தேறி வெளியே வரும்.

இரவு 11 மணிக்குள் பங்கு, கலப்புத் திட்டங்கள் போன்றவற்றின் விலைகள் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் ஏறியாக வேண்டும். அங்கே ஒரு கோப்பு இருக்கிறது. அலங்காரம் இல்லை, படம் இல்லை. வெறும் எழுத்து, ஆயிரக்கணக்கான வரிகள். நாட்டின் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரி: பெயர், விலை, தேதி. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், காசு கிடையாது. ராத்திரியில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாட்டின் சேமிப்பு கண்ணெதிரில் வரிவரியாக ஓடுகிறது. எனக்கு அது தரும் கிளுகிளுப்பைச் சொல்லி முடியாது!

அந்த ஒரு வரியில்தான் நான் இந்தத் தொழிலைக் கொண்டாடுவதற்கான காரணமே இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் ஒரே வாளியிலிருந்து சாம்பார் ஊற்றுவதுபோல, ஒரே திட்டத்தில் அதே பிரிவில் 25 கோடி போட்ட தொழிலதிபருக்கும் 250 ரூபாய் போட்ட அக்காவுக்கும் அன்றைக்கு ஒரே விலை. பேரம் இல்லை, மொத்த விலை சில்லறை விலை இல்லை. யூனிட்டின் விலை 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அக்காவுக்கு 16.666 யூனிட். மூன்று தசமம் வரை! நம் நாட்டில் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே விலையில், ஒரே தரத்தில் கிடைக்கிற பொருட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு கணினியும் காவலும் கணக்கும் கடைசியில் அந்தச் சமத்துவத்தைத்தான் ஒவ்வொரு இரவும் உருவாக்கித் தருகின்றன.

விலை தெரிந்ததும் பதிவேட்டுக்காரர்களின் முறை. அன்று வந்த ஒவ்வொரு ரூபாயையும் அந்த விலையால் வகுத்து, ஒவ்வொரு ஃபோலியோவிலும் யூனிட் ஏற்றி, குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் தயாராகின்றன. நாடு முழுக்க எஸ்.ஐ.பி. வழியாக மட்டும் ஒரு மாதத்தில் வந்த பணம் 2024 அக்டோபரில் முதன்முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. அதில் ஒவ்வொரு தவணைக்கும் இந்த வகுத்தல் நடக்கவேண்டும்.

நல்ல நாளில் இது சரி. கெட்ட நாளில்? 2020 மார்ச் 23. கொரோனா பீதியில் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்தது, 13 சதவீதத்துக்கும் மேல். வர்த்தகத்தைப் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டி வந்த நாள். அலுவலகங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. மறுநாள் நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிப்பு. அந்த இரவும் விலைகள் வந்தன! ஏப்ரல் 7 முதல் 3 மணிக் கெடுவைப் பிற்பகல் 1 மணிக்கு இழுத்தார்கள், அவ்வளவுதான். அந்த மாதங்களில் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தாங்கியவர்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை.

இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். நீங்கள் ஒருநாளும் மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போனதில்லை, ஆனால் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், நீங்களும் இந்த வீட்டின் வாடிக்கையாளராக இருக்கலாம்! 2015 ஆகஸ்டில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃபண்டுகளில் போட ஆரம்பித்தது. பிறகு அது 15 சதவீதம் ஆனது. அப்படிப் பணம் போன முக்கிய இடங்கள் எஸ்.பி.ஐ.யின் நிஃப்டி 50, சென்செக்ஸ் இ.டி.எஃப்.கள் என்னும் குறியீட்டு ஃபண்டுகள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளியின் சேமிப்பில் ஒரு சிறு துண்டு இந்தியாவின் ஐம்பது பெரிய கம்பெனிகளில் இருக்கிறது.

இந்த வகை ஃபண்டில் மேனேஜர் சொந்தமாகப் பங்கு தேர்ந்தெடுப்பதில்லை, குறியீட்டை அச்சுப் பிசகாமல் பின்தொடர வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். நிஃப்டி பட்டியல் ஆண்டுக்கு இரண்டுமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் திருத்தப்படும். 2025 மார்ச் 28 முதல் பி.பி.சி.எல்.லும் பிரிட்டானியாவும் வெளியே, ஜொமாட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் உள்ளே. அப்படியென்றால் 27-ஆம் தேதி சந்தை மூடுவதற்குள் நாட்டின் எல்லா நிஃப்டி ஃபண்டுகளும் ஒரே நேரத்தில் இரண்டை விற்று இரண்டை வாங்கவேண்டும். முன்னாலேயே வாங்கினால் குறியீட்டிலிருந்து விலகிவிடுவோம், பிந்தினாலும் அதே கதி. முடிவு விலைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக! அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் டீலிங் ரூமில் ஓர் ஓரமாக நின்று பார்க்கக் கிடைத்தால் நான் எதையும் கொடுப்பேன்.

பணத்தைத் திருப்பி எடுக்கும்போது? அக்காவின் மகள் கல்லூரியில் சேர்கிறாள், யூனிட்டை விற்கிறார். மூன்று வேலை நாட்களுக்குள் பணம் அவர் கணக்கில் இருக்கவேண்டும் என்பது விதி. பங்குத் திட்டங்களில் இரண்டு வேலை நாட்களில் கொடுப்பது 2023 பிப்ரவரியிலிருந்து வழக்கமாகிவிட்டது. தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியோடு கொடுக்கவேண்டும், அதுவும் ஃபண்ட் நிறுவனம் தன் சொந்தக் கையிலிருந்து. இந்த வட்டி விகிதத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தாமதிக்க மனசு வரும்!

போட்டவரே இல்லாமல் போய்விட்டால்? பின்கட்டின் மிகப் பொறுமையான வேலை இதுதான். இறப்புச் சான்றிதழோடு நாமினி வருகிறார். பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம், வங்கிக் கணக்கு மூடிக்கிடக்கிறது, அப்பா இந்த முதலீட்டைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, சரிபார்த்து, யூனிட்களை அடுத்த பெயருக்கு மாற்றுகிறார்கள். யாருமே வராத ஃபோலியோக்களும் உண்டு. இமெயில் இல்லாத, பான் எண் கேட்காத காலத்தில் காகிதத்தில் எழுதிப் போட்ட பணம். வீடு மாறியிருப்பார்கள், ஊர் மாறியிருப்பார்கள். பணம் மட்டும் அங்கேயே, தினமும் ராத்திரி 11 மணிக்குள் விலை வாங்கிக்கொண்டு, வளர்ந்துகொண்டிருக்கிறது.

அவற்றைத் தேடிப்பிடிக்க 2025 பிப்ரவரியில் செபி 'மித்ரா' என்ற வசதியைக் கொண்டுவந்தது. சென்னையின் கேம்ஸும் ஹைதராபாத்தின் கேஃபின்டெக்கும் சேர்ந்து உருவாக்கியது. பத்து வருஷமாக முதலீட்டாளர் எந்த அசைவும் காட்டாத, ஆனால் யூனிட் மீதமிருக்கும் ஃபோலியோக்களை அதில் தேடலாம். ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு பீரோவின் அடித்தட்டில், பழைய ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. ரசீதுக்கும் நடுவில், மேக்னம் என்றோ யூனிட் டிரஸ்ட் என்றோ அச்சடித்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ள பெயரையும் பழைய விலாசத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு மித்ராவில் தேடுங்கள். மேக்னம் காகிதம் கிடைத்தவர்களில் கணினி வராதவர்கள் பக்கத்து ஊர் கேம்ஸ் கிளைக்கு அந்தக் காகிதத்தோடு போய்க் கேட்கலாம்.